பூனைக்கும் எலிக்கும் என்ன ஒற்றுமை?

கடை திறந்து சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. பழுதுபார்க்கக் கொடுத்த மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போக ஓர் அம்மாள் வந்தார். கடைக்காரர் உள்ளறையில் ஒருவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தார். முன்னால் மேசையில் உட்கார்ந்து ஓர் இளம்பெண் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தாள். கம்பி உடைந்த தன் கண்ணாடி தயாராகிவிட்டதா என்று அந்த அம்மாள் அவளிடம் கேட்டார்.

பெண் வாயைத் திறக்கவில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டு உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டவருக்குச் சங்கடமாகிவிட்டது. தான் கேட்டது காதில் விழவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டார். கடைக்காரர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"அவளைக் கேக்காதீங்கம்மா. பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. இதோ வந்துட்டேன்."

பாப்பாவுக்கு வயது பத்தொன்பது. அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாவம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். தனக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்கிறவர்களின் குரல் எப்போதும் அடுத்தவர் காதில் நன்றாகவே விழும். கடைக்காரர் வந்து இழுப்பறையைக் குடைந்தார். இந்தப் பெட்டி, அந்தப் பெட்டி என்று அவர் தடவிக்கொண்டிருக்கையில், மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டி சத்தமில்லாமல் நகர்ந்து அவர் கைக்கு எட்டும் இடத்தில் வந்து நின்றது. அவர் அதை எடுத்தார், திறந்து பார்த்தார், சரியான கண்ணாடிதான். தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு அந்த அம்மாளிடம் கொடுத்தனுப்பினார்.

அந்தக் குடும்பத்தில் இருந்தது நாலு பேர். கடைக்காரர், அவர் மனைவி, மகன், மகள் பாப்பா. மகனைப் பெரியவன் என்பார்கள். ஆனால் அந்த வீட்டுக்குள் சில நாள் இருந்து பார்க்கிறவர்களுக்கு அங்கே ஐந்தாவதாக ஒரு ஆள் இருப்பது புரிந்துவிடும். அது ஒரு நாலு வயதுக் குழந்தை. அதைக் கண்ணால் கண்டவர்கள் இல்லை. சாப்பாட்டை அதற்காகத்தான் பிசைந்து வைப்பார்கள். கத்தியை அதற்கு எட்டாத உயரத்தில் மாட்டுவார்கள். "கையைக் கழுவினியா?" என்று அதைத்தான் கேட்பார்கள். பாப்பா வளர்ந்து அம்மாவின் தோளைத் தாண்டிப் போய்விட்டாள். அந்தக் குழந்தை மட்டும் வளரவில்லை. பாப்பா என்றாவது ஒரு நாள் வாய்விட்டுச் சிரித்தால், கடைக்காரரின் கண் அவள் முகத்துக்குப் போகாது, இடுப்பு உயரத்தில் எதையோ தேடும். தேடிவிட்டுத் தானே திடுக்கிட்டுப் போவார்.

அந்தக் குழந்தை அந்த வீட்டில் குடியேறிய கதை இதுதான்.

பாப்பாவுக்கு ஏழு வயதிருக்கும்போது, வகுப்பில் கேட்டால் பதில் வரத் தாமதமாகிறது, எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அறிவுத்திறனைச் சோதித்து ஒரு சான்றிதழ் வாங்கி வரும்படி சொல்லி அனுப்பினார்கள். கடைக்காரர்தான் அழைத்துப் போனார். சோதனை செய்தவர் வயதானவர், அன்பானவர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர். ஆனால் விதிமுறை என்றால் அவருக்கு உயிர். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அப்பாவை மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். கேள்விகள் எல்லாம் வேறொரு மொழியிலிருந்து யாரோ பெயர்த்து எழுதிய புத்தகத்தில் இருந்தன. எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும், ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது, விளக்கமும் சொல்லக் கூடாது. அப்போதுதான் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவுகோலாக இருக்குமாம். அவர் கையிலிருந்த கடிகாரத்தை அழுத்திவிட்டு வாசித்தார்.

"பூனைக்கும் எலிக்கும் என்ன ஒற்றுமை?"

"ஒற்றுமை இல்ல" என்றாள் பாப்பா.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. என்ன ஒற்றுமை?"

"இல்லவே இல்ல. பூனை கடிச்சிடும்."

கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் என்ன ஒற்றுமை என்று அடுத்த கேள்வி வந்தது. பாப்பா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அது ரெண்டும் பேசாமல் ஒரே டப்பாவில் இருக்கும் என்றாள். பெரியவர் குனிந்து ஒரு சுழியம் போட்டார். மூலையில் அப்பா நெளிந்தார். மூன்றாவது கேள்வி, தாய்க்கும் தந்தைக்கும் என்ன ஒற்றுமை என்பது.

பாப்பா திரும்பி மூலையைப் பார்த்தாள். அவள் உதடு கோணியது. "இல்ல" என்றாள், அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு படம் காட்டினார்கள், கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னார்கள், எதற்கும் அவள் கை நீளவில்லை. கடிகாரம் மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது.

முடிவு வந்தது. ஏழு வயதுப் பெண்ணுக்கு மன வயது நாலு என்றார் பெரியவர். எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். மன வயதை உண்மையான வயதால் வகுத்து நூறால் பெருக்கி, இதுதான் ஐ.க்யூ. என்று காட்டினார். ஐம்பத்தேழு. கணக்கென்று வந்துவிட்டால் கடைக்காரருக்குச் சந்தேகமே எழாது. லென்சை ஒரு கோடு தப்பாகத் தேய்த்தால் தலைவலி வந்துவிடும் என்று தினம் பார்க்கிறவர் அவர். அளவு பொய் சொல்லாது என்று பிடித்த பிடியில் நின்றார். வேறொரு இடத்திலும் காட்டிப் பார்க்கலாமா என்று மனைவி ஒரு முறை கேட்டதற்கு, வகுத்துப் பெருக்கிக் காட்டிய பிறகு என்ன காட்டுவது என்று எரிந்து விழுந்தார்.

பாப்பாவைத் தனி வகுப்பில் போட்டார்கள். சில வருஷத்தில் அங்கேயும் அனுப்புவதை நிறுத்திவிட்டு, கடையில் லென்ஸ் துடைக்க உட்கார வைத்துவிட்டார்கள். வருகிற உறவுக்காரர்களிடமெல்லாம் கடைக்காரர் அந்தப் பூனை, எலிக் கதையைச் சொல்லுவார். சொல்லும்போது சிரிப்பார். சிரித்து முடித்ததும் மூலையில் உட்கார்ந்து தான் கேட்ட அந்தக் குரல் அவர் காதுக்குள் திரும்ப ஒலிக்கும். "இல்லவே இல்ல." ஏன் அது இத்தனை வருஷமாகத் தன்னை விடாமல் துரத்துகிறது என்று அவருக்குப் புரிந்ததில்லை. கடையில் ஆள் இல்லாத மத்தியான வேளைகளில் அது தெளிவாகவே கேட்கும், நிமிர்ந்து பார்ப்பார். பாப்பா குனிந்து துடைத்துக்கொண்டிருப்பாள்.

வீட்டில் இன்னொரு விநோதமும் நடந்தது. நின்றுபோன சுவர்க்கடிகாரம் மறுநாள் சரியான நேரம் காட்டும். ஒழுகிக்கொண்டிருந்த குழாய் ஒழுகாது. ஆளுக்கொரு பக்கம் தேடிக் களைத்துப்போன சாவி, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் கிடக்கும். கடையிலும் அப்படித்தான். பவர் மாறிப்போய் அடுக்கியிருந்த லென்ஸ்கள் காலையில் வந்து பார்த்தால் தனியே எடுத்து வைக்கப்பட்டிருக்கும். கடைக்காரரின் மனைவிக்கு இதில் பயம்தான். "நம்ம வீட்டுல ஏதோ நடமாடுதுங்க" என்று ஒரு நாள் கிசுகிசுத்தார். பெரியவன் செய்திருப்பான் என்று கடைக்காரர் தட்டிக்கழித்தார். நாம் எல்லோரும் இருக்கிறோம், நம்மில் யாரும் செய்யவில்லை, அப்படியானால் செய்தது யார் என்று எண்ணிப் பார்க்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் எண்ணும்போதே ஒரு ஆளை விட்டுவிட்டு எண்ணினார்கள். இதைவிடக் கொடுமை ஒரு வீட்டில் என்ன இருக்க முடியும்?

போன வருஷம் கடைக்காரருக்கு ஒரு முறை நெஞ்சு வலி வந்தது. அதிலிருந்து தனக்குப் பிறகு என்ன என்ற கவலை பிடித்துக்கொண்டது. வக்கீலைப் பார்த்தார். கடையையும் வீட்டையும் பெரியவன் பேருக்கு எழுதிவிடலாம், தங்கைக்கு அவனே சட்டப்படி கார்டியனாக இருக்கட்டும், ஆனால் அவளுக்குத் தானாக எதையும் முடிவுசெய்ய முடியாது என்று புதிதாக ஒரு சான்றிதழ் வேண்டும் என்றார் வக்கீல். அது பதிவாகிவிட்டால் பாப்பா தன் கையெழுத்தால் ஒரு குண்டூசிகூட வாங்க முடியாது. சாகும்வரை அவள் யாரோ ஒருவரின் குழந்தைதான். கடைக்காரர் இதைச் சாப்பாட்டு மேசையில் அவள் முன்னாலேயே பேசினார். அவளுக்குத்தான் ஒன்றும் புரியாதே. அந்தச் சான்றிதழ் மட்டும் கிடைத்துவிட்டால் வீட்டில் யாருக்கும் யாரோடும் தகராறு வராது என்று சொல்லி முடித்தார். பாப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த முறை சோதனை செய்தவர் நடுவயதுப் பெண்மணி. அன்றைக்குப் பார்த்து அவருக்குச் சரியான ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக இருந்தார். யாரும் கூட உட்காரக் கூடாது என்று சொல்லிக் கடைக்காரரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை. காதுக்குள் மட்டும் அந்தப் பழைய குரல்.

வெகு நேரம் கழித்து அந்தப் பெண்மணி தனியாக வெளியே வந்தார். பாப்பாவுக்கு டீ கொடுத்து உள்ளேயே உட்கார வைத்திருப்பதாகச் சொல்லி, பெஞ்சில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சார், நாலு படம் காட்டி, அதுல சரியானதைத் தொடச் சொல்ற பகுதி ஒண்ணு இருக்கு. ஒண்ணுமே தெரியாத ஆளு கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாக்கூட நாலுக்கு ஒண்ணு சரியா விழும். உங்க பொண்ணுக்கு ஒண்ணுகூட விழல."

கடைக்காரர் தலை குனிந்தார். "அவ்வளவு மோசமா மேடம்?"

"மோசம்னு நான் சொல்லல. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒண்ணுகூடச் சரியா வராம இருக்கணும்னா, ஒவ்வொண்ணுலயும் சரியானது எதுன்னு தெரிஞ்சிருக்கணும் சார். அதை மட்டும் பாத்துப் பாத்துத் தவிர்த்திருக்கா."

அவருக்கு அது மண்டையில் ஏறச் சற்று நேரம் பிடித்தது. ஏறியதும் முதலில் கோபம்தான் வந்தது. அவளுக்கு அவ்வளவு சாமர்த்தியமெல்லாம் கிடையாது, சின்ன வயதிலேயே சோதித்துப் பார்த்தாகிவிட்டது என்று படபடத்தார். நிரூபிக்கிற மாதிரி அந்தப் பூனை, எலிக் கதையை எடுத்தார். எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய கதை, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சிரிக்க வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"அந்தச் சமயத்துல வீட்டுல நிலைமை எப்படி சார் இருந்துச்சு?"

அதைக் கேட்க இவர் யார் என்று நினைத்தார். ஆனாலும் சொன்னார். அந்த ஒரு வருஷம் அவருக்கும் மனைவிக்கும் தொட்டதற்கெல்லாம் சண்டை. மனைவி பையைக் கட்டி வைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். பாப்பா போய் அந்தப் பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள், யார் சொன்னாலும் இறங்க மாட்டாள். மைத்துனர் வந்து சமாதானம் பேசுவார், எதிர்வீட்டுக்காரர் வந்து பேசுவார். எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்.

"என்ன சொல்லுவாங்க?"

"என்ன சொல்லுவாங்க, குழந்தை முகத்தைப் பாருங்க, ரெண்டு பேரும் கொஞ்சம் ஒற்றுமையா இருங்கன்னு..."

அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

அந்தப் பெண்மணி மூக்கைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். கேள்வியை எழுதியவர் கேட்க நினைத்தது, ரெண்டும் எந்த விதத்தில் ஒரே மாதிரி என்பதை. ஒற்றுமை என்ற சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டுதான். ஆனால் ஏழு வயதுப் பாப்பா அந்தச் சொல்லைக் கேட்டது வீட்டில் மட்டும்தான், அங்கே அதற்கு ஒரே பொருள்தான். பூனைக்கும் எலிக்கும் ஒற்றுமை உண்டா என்று கேட்டால் என்ன சொல்வாள்? தாய்க்கும் தந்தைக்கும் என்று கேட்டால், அதுவும் தகப்பனை மூலையில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டால், என்ன சொல்வாள்?

"அவளுக்குப் புரிஞ்ச கேள்விக்கு அவ சொன்ன பதில் எல்லாமே சரி சார். அழுதுட்டா, மிச்சக் கேள்விக்குப் பதில் வரல. அதையும் சேர்த்துக் கூட்டி வகுத்துட்டாங்க."

கடைக்காரருக்குத் தன் கடையில் தொங்கும் எழுத்துப் பலகை நினைவுக்கு வந்தது. கண் சோதிக்க வருகிறவர் பலகையில் உள்ள எழுத்தை வாசிக்காவிட்டால், இவர் முதலில் கேட்கிற கேள்வி, எழுதப் படிக்கத் தெரியுமா என்பதுதான். தெரியாது என்றால் பலகையைத் திருப்புவார். பின்பக்கத்தில் எழுத்து இருக்காது, மூன்று விரலை நீட்டினாற்போல ஓர் உருவம் இருக்கும், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்டினால் போதும். எழுத்துத் தெரியாத ஒருவரையும் அவர் குருடு என்று எழுதியதில்லை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பலகையைத் திருப்பிக் காட்டியவருக்குத் தான் பெற்ற மகளுக்குத் திருப்பிக் காட்டத் தோன்றவில்லை. 

அப்படியானால் அவளுடைய உண்மையான ஐ.க்யூ. எவ்வளவு என்று கேட்டார். அந்த நிலைமையிலும் அவருக்கு ஒரு எண் தேவைப்பட்டது.

அந்தப் பெண்மணி லேசாகச் சிரித்தார். அறிவு என்றால் என்ன என்பதிலேயே அதைப் படித்தவர்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை என்றார். எல்லாத் திறமைக்கும் அடியில் பொதுவாக ஒரே ஒரு சக்திதான் இருக்கிறது என்கிறது ஒரு கட்சி. இல்லை, சொல்லில் கெட்டிக்காரத்தனம் வேறு, கணக்கில் வேறு, கைவேலையில் வேறு, மனிதர்களைப் புரிந்துகொள்வதில் வேறு என்கிறது இன்னொரு கட்சி. மன வயதை வகுத்துப் பெருக்குகிற பழக்கத்தையே இப்போது பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். சம வயதுக்காரர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதோடு சரி. இந்த மாதிரிச் சோதனைகளை முதன்முதலில் உண்டாக்கியதே எந்தக் குழந்தைக்குக் கூடுதலாக உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான், முத்திரை குத்தி ஓரமாக உட்கார வைக்க அல்ல. சோதனையே வீண் என்றும் அவர் சொல்லவில்லை. நல்ல கருவிதான், ஆனால் குழந்தைக்குப் புரிகிற மொழியில் கேட்க வேண்டும், பயமில்லாமல் உட்கார வைத்துக் கேட்க வேண்டும், ஒரு நாள் பார்த்ததை ஆயுளுக்கும் எழுதிவிடக் கூடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு இரண்டு தும்மல் போட்டார். பிறகு, "ஏன் தப்பாத் தொட்டான்னு என்கிட்ட சொல்லல. உங்ககிட்ட சொல்றாளான்னு பாருங்க" என்று கதவைத் திறந்துவிட்டார்.

பாப்பா டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா எதிரில் வந்து உட்கார்ந்ததும் துடைப்பதை நிறுத்தினாள். அவள் முகத்தை அவர் அவ்வளவு கிட்டத்தில் நேராகப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. கண்ணைச் சுற்றிக் களைப்பு இருந்தது. பத்தொன்பது வயதுக்கு அது அதிகம்.

"எல்லாம் தெரிஞ்சே தப்பாத் தொட்டியாம்மா?"

அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அப்பா கோவிச்சுக்க மாட்டேன். சொல்லு."

"நான் மக்குன்னு சொன்னாங்களே, அன்னிக்கு அம்மா பையைப் பிரிச்சுத் துணியெல்லாம் எடுத்து உள்ள வெச்சாங்க" என்றாள் பாப்பா. மெதுவான குரல்தான், ஆனால் ஒரு சொல்லும் குழறவில்லை. "அதுக்கப்புறம் அம்மா போகவே இல்ல. நீங்களும் கத்தல. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து என்னைப் பத்தியே பேசினீங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு. அப்புறம் நான் கெட்டிக்காரின்னு தெரிஞ்சுட்டா அம்மா மறுபடி பையைக் கட்டிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு."

 அவள் சொன்னது நிஜம். சான்றிதழ் வந்த அன்றே சண்டை நின்றுபோனது. மைத்துனரும் எதிர்வீட்டுக்காரரும் பேசிப் பேசித் தீராததை அந்த ஐம்பத்தேழு தீர்த்துவைத்தது. தங்களுக்குப் பக்குவம் வந்துவிட்டதென்று புருஷனும் பெண்டாட்டியும் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிம்மதிக்கு ஒரு குழந்தை தன் வாயைக் கட்டிக் காவல் இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

"கடிகாரம், குழாய் எல்லாம்..." என்று இழுத்தார்.

"யாரும் பாக்காதப்ப செய்வேன்."

"இனிமே அப்படி இருக்க வேண்டாம்மா. இன்னொரு நாள் வருவோம். நீ உள்ளபடி பதில் சொல்லு."

பாப்பா அவரைப் பார்த்த பார்வையை அவர் ஆயுசுக்கும் மறக்கப்போவதில்லை. "எது நான் வேணும்னு தெரியாத மாதிரி இருந்தது, எது எனக்கு நெஜமாவே தெரியாததுன்னு இப்ப எனக்கே தெரியலப்பா" என்றாள். "பள்ளிக்கூடத்துல மத்தவங்க படிச்சதெல்லாம் நான் படிக்கலையே."

கடைக்காரர் அழுதுவிட்டார். அந்தப் பெண்மணி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். அது ஜலதோஷத்தால் மட்டும்தானா என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும் பெரியவன் கேட்ட முதல் கேள்வி, சான்றிதழ் கொடுத்தார்களா என்பது. மனைவி கேட்டது, இந்த முறை எவ்வளவு வந்தது என்பது. சான்றிதழும் கிடையாது, எண்ணும் கிடையாது, வக்கீலிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன் என்று கடைக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். பெரியவன் முகம் தொங்கிப்போனது.  மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சற்று நேரம் கழித்து அந்தத் துக்கம் வெளியே வர வழி தேடியது. கிடைத்த வழி பழைய வழிதான்.

இன்னொரு இடத்தில் காட்டலாம் என்று அன்றைக்கே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், நீங்கள்தான் கேட்கவில்லை என்றார் மனைவி. தினம் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிப் பெண்ணைப் பயமுறுத்தியது யார் என்று கடைக்காரர் கேட்டார். என்னைக் கிளம்ப வைத்தது யார் என்று அவர் கேட்டார். குரல் ஏறியது. பன்னிரண்டு வருஷம் பூட்டி வைத்த சண்டை, பூட்டு உடைந்ததும் அன்றைக்குப் போட்டது போலவே புதுசாக இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாப்பாவின் தோள் மெல்லத் தொய்ந்தது. கால் விரல்கள் உள்பக்கமாகத் திரும்பின. கண்ணில் இருந்த வெளிச்சம், யாரோ உள்ளேயிருந்து திரி இறக்கியதுபோல, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறைந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

"அம்மா" என்றது ஒரு சின்னக் குரல். "பாப்பாவுக்குப் பசிக்குது."

சண்டை அப்படியே நின்றது, மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். நாலு வயதுக் குழந்தையின் குரல் அது. இத்தனை வருஷமும் தினம் கேட்ட குரல்தான், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்கள். கூப்பிட்டது தாங்கள்தான் என்பதும் புரிந்தது.  மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைக்காரர் மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். உள்ளங்கை வியர்த்திருந்த அவள் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"உனக்குப் பசிக்கலைன்னு எனக்குத் தெரியும்மா. நாங்க சண்டை போட்டா அது எங்க கிறுக்குத்தனம். அதை நிறுத்தறது உன் வேலை இல்ல. அதுக்காக நீ சின்னதாகணும்னு இல்ல."

பிறகு மனைவியையும் மகனையும் பார்த்துச் சொன்னார். "ஒரு குழந்தைக்கு அறிவு எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி, நாம கேட்டது அதுக்குப் புரிஞ்சுதா, பயமில்லாம அதால பதில் சொல்ல முடிஞ்சுதான்னு பாக்கணும். அதைப் பாக்காம ஒரு எண்ணைப் போட்டா அது குழந்தையோட அளவு இல்ல. பெத்தவங்களோட அளவு. நாம அவளைக் கேக்கவே இல்ல, எண்ணைத்தான் கேட்டோம். எல்லாம் என் தப்பு. என் ஒருத்தனோட தப்பு."

 பாப்பா தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். கால்களை ஒழுங்காக ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் நெற்றி சுருங்கியிருந்தது. ஏதோ ஒரு கணக்கு உதைக்கிறது, அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அது சரியில்லப்பா" என்றாள். "அம்மா தப்பும் இருக்கு."

சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாராவது எழுந்து போகிறார்களா என்று மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை.